வட்டமாகத் தெரியும் கீறல்கள்

தீபாவளி முடிந்த வாரத்தில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் கோலாலம்பூரில் வேலை பார்க்கும் இளைஞர். பண்டிகைக்குத் தன் கறுப்புக் காரில் நிபோங் தெபால் பக்கம், பைராம் தோட்டத்தில் இருக்கும் மாமா வீட்டுக்கு வந்திருக்கிறார். நெடுஞ்சாலையில் 300 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய கார். முகப்பு முழுவதும் பூச்சி. ஜாவி டோலில் இறங்கித் தோட்டப் பக்கம் திரும்பியதும் தூசு வேறு. தண்ணீர்க் குழாய் வீட்டுப் பின்கட்டில். ரப்பர் குழாய் வாசல்வரை எட்டாது. அத்தை ஒரு வாளித் தண்ணீரும் பழைய கைலித் துணியும் கொடுத்திருக்கிறார். கவனமாகத் துடைத்து முடித்து, இரவு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தியபோது, விளக்கின் கீழே பானெட் எங்கும் வட்ட வட்டமாகக் கீறல்.

"நான் நேராகத்தானே துடைத்தேன், வட்டம் எப்படி சார் வந்தது? வெளியூர் போனால் காடியை எப்படித்தான் கழுவுவது?" என்று கேட்டிருக்கிறார்.

இரண்டாவது கேள்விதான் அவசரமானது. ஆனால் முதல் கேள்வி எனக்கு வெகுநாளாகப் பிடித்தமானது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்தக் கீறல்கள் வட்டமானவை அல்ல. அவற்றில் பெரும்பாலானவை ஓரிரு சென்டிமீட்டர் நீளமே உள்ள நேர்கோடுகள். கண்டபடி எல்லாத் திசையிலும் கிடப்பவை. வட்டத்தை உண்டாக்குவது விளக்கும் நம் கண்ணும் சேர்ந்துதான்.

கீறல் ஒவ்வொன்றும் மிக நுண்ணிய வாய்க்கால். அதன்மேல் விழும் ஒளி நீளவாக்கில் சிதறுவதில்லை, குறுக்குவாக்கில்தான் விரிகிறது. விளக்கின் பிம்பம் பானெட்டில் ஓர் இடத்தில் பளிச்சென்று தெரியும் அல்லவா? அந்த இடத்துக்குக் குறுக்கே கிடக்கும் கீறல்கள் விரித்துவிடும் ஒளி நம் கண்ணுக்கு வந்து சேர்கிறது. அந்த இடத்தை நோக்கி நீட்டிக்கொண்டிருப்பவை ஒளியை வேறு பக்கம் அனுப்பிவிடுகின்றன. அவை இருந்தும் இல்லாததுபோல் இருட்டிலேயே கிடக்கின்றன. பிம்பத்தின் மேலே, கீழே, இடத்தே, வலத்தே, எல்லாப் பக்கத்திலும் குறுக்கே கிடப்பவை மட்டும் மின்னினால் கண்ணுக்கு அது ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய வட்டமாகத்தான் தெரியும்.

சந்தேகம் இருந்தால் இன்றிரவே சோதித்துப் பார்க்கலாம். காரின் பக்கத்தில் நின்று மெல்ல நடந்து போங்கள். வட்டம் உங்கள் கூடவே வரும். இரண்டு விளக்கு இருக்கும் இடத்தில் நிறுத்தினால் அதே பானெட்டில் இரண்டு வட்டத் தொகுதிகள், ஒவ்வொரு விளக்குக்கும் ஒன்று. கார்கூட வேண்டாம். என் வீட்டில் பல வருடமாகப் புழங்கும் எவர்சில்வர் தட்டு ஒன்று இருக்கிறது. தினமும் நார் போட்டுத் தேய்த்த தட்டு. அதைக் குண்டு பல்புக்குக் கீழே பிடித்தால் பிம்பத்தைச் சுற்றி அதே வட்டங்கள். தட்டைச் சுழற்றினாலும் அவை சுழல்வதில்லை. பல்பையே சுற்றி நிற்கின்றன. கல்லூரி ஒளியியலில் ஒரு பருவம் முழுக்கப் படித்தது அந்தத் தட்டில்தான் எனக்கு விளங்கியது.

இது வேடிக்கைக்காக மட்டும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமல்ல. மேகம் மூடிய பகலில் ஒளி எல்லாப் பக்கத்திலிருந்தும் வருவதால் இந்தக் கீறல்கள் கண்ணில் படாது. நீண்ட குழல்விளக்கு வரிசையின் கீழும் அப்படியே. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் மழைமூட்டமான மாலையில் போய்ப் பார்த்துவிட்டு, பெயின்ட் கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள். கைப்பேசியில் இருக்கும் டார்ச் விளக்கைப் பானெட்டின்மேல் பிடித்தாலே உண்மை தெரிந்துவிடும்.

இன்னொரு பயனும் உண்டு. காரை நேர்கோட்டில் துடைக்க வேண்டும், வட்டமாகத் தேய்க்கக் கூடாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நேராகத் துடைத்தால் கீறல் விழாது என்பதல்ல அதன் காரணம். வட்டமாகத் தேய்த்தால் எல்லாத் திசையிலும் கீறல் விழுகிறது. விளக்கு எந்தப் பக்கம் இருந்தாலும் அவற்றில் சில குறுக்கே அமைந்து மின்னியே தீரும். ஒரே திசையில் துடைத்திருந்தால், விழுந்த கீறலும் ஏதோ ஒரு கோணத்தில் மட்டும் தெரிந்து மற்ற நேரம் மறைந்திருக்கும். கடிதம் எழுதிய தம்பி நேராகத் துடைத்தது சரிதான். ஆனால் அவர் பார்த்த கீறல்கள் அன்று ஒரே நாளில் விழுந்தவையாக இருக்க முடியாது. அந்தக் கார் இதுவரை பட்ட எல்லாத் துணியின் கணக்கும் அந்த விளக்கடியில் சேர்ந்து தெரிந்திருக்கிறது.

எவ்வளவு மெல்லிய இடத்தில் இந்தக் கணக்கு எழுதப்படுகிறது என்று பாருங்கள். காரின் இரும்புத் தகட்டின்மேல் துருத்தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறப் பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட் என்று அடுக்குகள் இருக்கின்றன. அத்தனையும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் கனம். ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்குக்கும் உள்ளே. கிளியர் கோட் மட்டும் சுமார் 35 முதல் 50 மைக்ரான். தலைமுடி ஒன்று சுமார் 70 மைக்ரான். ஆக, பளபளப்பைத் தருவதும் வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்குவதுமான அந்தப் படலம் ஒரு முடியின் தடிப்புக்கூட இல்லை. அது உலோகமும் அல்ல, கண்ணாடியும் அல்ல. ஒரு வகை பிளாஸ்டிக்.

அதன்மேல் வந்து உட்காருவது மண். பைராம் கடலோரத் தாழ்நிலம். யார்க்ஷையரில் பைராம் ஹாலை வைத்திருந்த ராம்ஸ்டன் குடும்பம் 19ஆம் நூற்றாண்டில் இந்தக் கரையோரத்தில் கரும்புத் தோட்டங்கள் நடத்தியது. நம் ஆட்கள் கப்பலேறி வந்து கால்வாய் வெட்டிய மண் இது. கரும்பு போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. களிமண் நிலத்தில் லாரி ஓட வேண்டும் என்பதற்காகத் தோட்டச் சாலைகளில் சரளையும் செம்மண்ணும் கொட்டுகிறார்கள். களிமண் துகள் மென்மையானது. கெடுதல் செய்வது அதோடு கலந்திருக்கும் மணல். மணலில் இருப்பது குவார்ட்ஸ். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் சன்னல் கண்ணாடி ஐந்தரை, குவார்ட்ஸ் 7. கண்ணாடியையே கீறக்கூடிய ஒன்று பிளாஸ்டிக் படலத்தை என்ன செய்யும்!

ஆனாலும் மணல் சும்மா கிடக்கும்வரை ஒன்றும் செய்வதில்லை. பத்து நாள் தூசு படிந்து நின்ற காரில் அந்தத் தூசால் ஒரு கீறலும் விழுந்திருக்காது. அதன்மேல் ஒரு துணியை வைத்து, துணியின்மேல் கையை வைத்து, கையால் அழுத்தி இழுக்கும்போதுதான் கீறல் பிறக்கிறது. கோழி இறகுத் துடைப்பானால் தினமும் காலையில் காரைத் தட்டுகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. அன்போடுதான் செய்கிறார்கள். ஆனால் காய்ந்த தூசைக் காய்ந்த இறகால் பெயின்ட்மேல் இழுக்கிறார்கள். பிளாஸ்டிக் குப்பியில் ஈரத்தோடு சுருட்டி விற்கும் மஞ்சள் துணியும் அப்படித்தான். வழவழவென்று இருக்கும் அந்தத் துணியில் மணல் ஒதுங்க இடமே இல்லை. கைலித் துணிக்கும் இதே குறைதான். நெசவு தட்டையானது, இடையில் சிக்கிய மணலுக்குப் போக்கிடம் பெயின்ட்தான்.

இனி இரண்டாவது கேள்வி. வெளியூரில், குழாய் இல்லாத இடத்தில், ஒரு வாளித் தண்ணீரில் என்ன செய்வது?

மண்ணைத் தேய்க்காமல் தூக்க வேண்டும். அதற்கு மூன்று பொருள் போதும். முதலாவது, ரின்ஸ்லெஸ் வாஷ் என்று விற்கும் திரவம். ஆப்டிமம் நோ ரின்ஸ் இந்த வகையில் பெயர் பெற்றது. வேறு பலதும் வந்துவிட்டன. இது சாதாரண ஷாம்பு அல்ல, நுரை வராது. இதில் உள்ள பாலிமர்கள் மண் துகளைச் சுற்றி ஒட்டிக்கொண்டு துகளுக்கும் பெயின்டுக்கும் நடுவே வழுக்கலை உண்டாக்குகின்றன. மீந்த ஈரத்தைத் துடைத்தால் போதும், மேலே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டியதில்லை. 256 பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு. அதாவது 8 லிட்டர் வாளிக்குச் சுமார் 30 மில்லி. கூடப் போட்டால் கூடச் சுத்தமாகும் என்று யாரும் நினைக்க வேண்டாம், பிசுபிசுப்பும் கோடும்தான் மிஞ்சும்.

இரண்டாவது, மைக்ரோஃபைபர் துணி. பாலியெஸ்டரும் பாலியமைடும் கலந்து, இழையை மயிரிலும் மெல்லியதாகப் பிளந்து செய்தது. இவ்வளவு மெல்லிய இழையை வைத்து ஜப்பானில் டோரே நிறுவனத்தில் மியோஷி ஒகமோட்டோ 1970இல் செயற்கை மென்தோலை உருவாக்கினார். அந்த வழியில் வந்ததுதான் இன்று நம் பேரங்காடிகளில் கட்டுக்கட்டாக விற்கும் துணி. குட்டையாக மொழுமொழுவென்று இல்லாமல், இழை நன்றாக எழும்பி நிற்கும் துணியாகப் பார்த்து எட்டோ பத்தோ வாங்கிக்கொள்ளுங்கள். எழும்பி நிற்கும் அந்த இழைக்குள் மணல் புதைந்துகொள்ளும், பெயின்ட்மேல் உரசாது.

மூன்றாவது, ஒன்றிரண்டு லிட்டர் பிடிக்கும் கைப்பம்பு. இங்கே ஒரு வார்த்தை அழுத்திச் சொல்ல வேண்டும். தோட்டத்து வீடுகளில் மருந்தடிக்கும் பம்பு எங்காவது ஒரு மூலையில் இருக்கும்; அதைக் கழுவி எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். வேண்டவே வேண்டாம். களைக்கொல்லி மிச்சம் பெயின்டை என்ன செய்யும் என்பது எனக்கு இரண்டாம் பட்சம். உங்கள் கையையும் முகத்தையும் என்ன செய்யும் என்பதுதான் கவலை. பாராகுவாட் என்ற களைக்கொல்லியைத் தெளித்த பம்புகளை முதுகில் சுமந்தவர்கள் பெரும்பாலும் நம் தோட்டத்துப் பெண்கள். நகம் கழன்று, மூக்கில் இரத்தம் வடிந்து, கண் மங்கி அவர்கள் பட்ட பாட்டை 2002இல் தெனகானித்தா அமைப்பு ஓர் ஆய்வறிக்கையாகவே வெளியிட்டது. அந்த ஆண்டில் தடை வந்தது, 2006இல் தளர்த்தினார்கள், 2020 ஜனவரி 1 முதல்தான் மலேசியாவில் அந்த மருந்து முழுவதுமாக நின்றது. பழைய பம்பில் எது இருந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது. கடையில் சில வெள்ளிக்குப் புதுப் பம்பு கிடைக்கிறது.

காலை வெயில் ஏறுமுன் தொடங்குங்கள். நடுப்பகலில் கறுப்பு பானெட் 60 டிகிரியைத் தாண்டிவிடும். தெளித்த நீர் கண்ணெதிரே காய்ந்து திட்டுத் திட்டாக நிற்கும். செம்பனை நிழலில் நிறுத்தலாம், ஆனால் மேலே மைனாக் கூட்டம் இருக்கிறதா என்று ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

வாளியில் திரவத்தைக் கலந்து, அதில் கொஞ்சம் பம்பில் ஊற்றிக்கொண்டு, ஆறேழு துணிகளை வாளியில் ஊறப்போடுங்கள். கூரையிலிருந்து தொடங்கி, ஒரு நேரத்தில் ஒரு பகுதி மட்டும். பம்பால் நன்றாகத் தெளித்துவிட்டு ஒரு நிமிடம் சும்மா இருக்க வேண்டும். இந்த ஒரு நிமிடத்தைத்தான் யாரும் பொறுப்பதில்லை. மண் இளகி, துகள் ஒவ்வொன்றும் நனைந்து மிதக்கத் தொடங்குவது அப்போதுதான். பிறகு ஒரு துணியை லேசாகப் பிழிந்து, நான்காக மடித்து, பெயின்ட்மேல் கிடத்தி, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே இழுப்பில் கொண்டு போங்கள். துணியின் கனமே போதும், விரலால் அழுத்த வேண்டாம். இழுத்த முகத்தைத் திருப்பிப் பாருங்கள். ஓரத்தில் செம்மண் வரி ஒன்று தெரியும். அது இனி காரைத் தொடக் கூடாது. நான்காக மடித்த துணியில் எட்டு முகம். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு புது முகம். எட்டும் தீர்ந்தால் துணி பைக்குள் போகட்டும், வாளிக்குத் திரும்ப வரக் கூடாது. அப்படிச் செய்தால் வேலை முடியும்போது வாளித் தண்ணீர் தெளிவாகவே இருக்கும். ஈரத்தைக் காய்ந்த வேறொரு துணியால் ஒற்றி எடுத்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போகலாம்.

கதவின் கீழ்ப்பாதியும் பம்பரும் கடைசியில். பினாங்கு மாநிலத்துக் குப்பை வந்து சேரும் புலாவ் பூரோங் கிடங்கு பைராம் பக்கம்தான் இருக்கிறது. குப்பை லாரியிலிருந்து சொட்டும் கழிவுநீர், சாலை ஈரத்தோடு சேர்ந்து காரின் அடிப்பக்கத்தில் தெறித்துக் காய்ந்து பிடிக்கும். அந்தப் பகுதிக்குத் தெளிப்பு இரண்டு முறை, துணி தனி. சக்கரத்துக்கு எல்லாவற்றிலும் பழைய துணி. அதைச் சக்கரத்துக்கென்றே ஒதுக்கி ஒரு மூலையில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் தேயும்போது உதிரும் இரும்புத் தூள் அதில் ஏறியிருக்கும்.

பறவை எச்சத்தைச் சுரண்டக் கூடாது. வெயிலில் கிளியர் கோட் இளகி விரிகிறது. எச்சம் அதன்மேல் காய்ந்து இறுகுகிறது. இரவில் பெயின்ட் சுருங்கும்போது இறுகிய எச்சத்தின் வடிவம் அப்படியே அதில் பதிந்துவிடுகிறது. புளிப்புத்தன்மை மட்டும் குற்றவாளியல்ல. அதனால் அன்றைக்கே எடுப்பதுதான் நல்லது. கலவையில் நனைத்த துணியை அதன்மேல் பத்து நிமிடம் போட்டு வையுங்கள், பிறகு தானாகத் துணியோடு வந்துவிடும். முகப்பில் ஒட்டிய பூச்சிக்கும் இதே வைத்தியம்.

மண் கட்டிக் கட்டியாக அப்பியிருந்தால் இந்த முறை ஒத்துவராது. மழைக்காலத்தில் தோட்டத்துக்குள் போய் வந்த காரை ஒரு வாளியால் சமாளிக்க நினைக்காதீர்கள். காசு போட்டு நீர்பாய்ச்சும் சுயசேவை நிலையத்துக்குப் போய், துப்பாக்கிக் குழாயை ஒரு முழம் தள்ளிப் பிடித்து மேலிருந்து கீழாக அடித்தால் கட்டிகள் விழுந்துவிடும். அங்கே தொங்கும் தூரிகையைத் தொடாதீர்கள். உங்களுக்கு முன்னால் வந்த லாரியின் மண் அதில் இருக்கும். எதற்கும் வழியில்லையென்றால் கழுவாமலே ஓட்டி வாருங்கள். கண்ணாடி, விளக்கு, எண் பலகை இவை மூன்றும் சுத்தமாக இருந்தால் பயணத்துக்குப் போதும். அழுக்குக் கார் அவமானம் என்று நம் சனங்களுக்கு ஒரு நினைப்பு இருக்கிறது. உறவுக்காரர் வாசலில் பளபளவென்று நிறுத்த வேண்டும் என்ற அவசரத்தில் விழும் கீறல் அந்த அழுக்கைவிட நெடுநாள் இருக்கும்.

கடையில் கொடுத்துவிடலாமே என்பீர்கள். பதினைந்து வெள்ளிக்கு வெள்ளை நுரையைப் பொழிந்து கழுவித் தரும் கடைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. நுரை நல்லதுதான். அதன் பிறகு நடப்பதைத்தான் நின்று பார்க்க வேண்டும். சக்கரம் துடைத்த கையுறையே பானெட்டுக்கு வருகிறது. தரையில் விழுந்த துணி உதறி மறுபடி எடுக்கப்படுகிறது. வேலை செய்கிற பையன்களைக் குறை சொல்ல மாட்டேன். அடுத்த கார் வரிசையில் நிற்கிறது, கொடுத்த துணி அவ்வளவுதான். நல்ல துணியும் கொஞ்சம் நேரமும் கொடுக்க வேண்டியவர் முதலாளி. மலிவும் வேண்டும், வேகமும் வேண்டும் என்று கேட்கிற நாமும் அதற்குப் பொறுப்பு. நம் துணிகளை நாமே கொண்டுபோய், "தம்பி, இதை மட்டும் பயன்படுத்துப்பா" என்று சொன்னால் யாரும் மறுப்பதில்லை.

தண்ணீர்க் கணக்கையும் பார்த்துவிடுவோம். வீட்டு ரப்பர் குழாயில் நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் போகும். கால் மணி நேரம் திறந்துவிட்டால் 150 லிட்டருக்கு மேல். வாளி முறையில் 8 லிட்டர். ஆள் ஒருவர் செலவிடும் வீட்டுத் தண்ணீரில் மலேசியாவிலேயே முன்வரிசையில் இருக்கும் மாநிலம் நம் பினாங்கு. அந்தத் தண்ணீரில் பெரும்பங்கு சுங்கை மூடா என்ற ஒரே ஆற்றிலிருந்து வருகிறது. 2024 ஜனவரி 10ஆம் தேதி சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் பெரிய வால்வுகளை மாற்றத் தொடங்கியபோது, தீவிலும் பெருநிலத்திலும் நாள் கணக்கில் குழாய் வற்றிப் போனது. குளிக்கவே வாளி எண்ணிய அந்த நாட்களை மறந்துவிட்டு, இன்று மாடிவீட்டுக் கார் நிறுத்துமிடங்களில் குழாயைத் திறந்துவிட்டுக் கைப்பேசி பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது.

ஊர் திரும்பியதும் அந்தத் துணிகளைத் தனியாகத் துவைக்க வேண்டும். பருத்தித் துணியோடு சேர்த்தால் அதன் பஞ்சு மைக்ரோஃபைபரில் ஏறிக்கொண்டு போகாது. துணி மிருதுவாவதற்குப் போடும் வாசனைத் திரவம் கூடாது. இழையை மூடி உறிஞ்சும் குணத்தைக் கெடுத்துவிடும். கொதிநீரும் வேண்டாம், இழையின் மென்மை கெட்டுவிடும். நிழலில் காயப்போட்டு, மூடியுள்ள பெட்டியில் வைத்துக் காரின் பின்பக்கத்திலேயே போட்டுவிட்டால் அடுத்த பயணத்துக்குத் தயார்.

ஏற்கெனவே விழுந்த கீறல்களை என்ன செய்வது என்று தம்பி கேட்கவில்லை, கேட்பார். பாலிஷ் போடுவது என்றால் கீறலை நிரப்புவதல்ல. கீறலின் அடிமட்டம்வரை சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்து இறக்குவது. ஒவ்வொரு முறையும் சில மைக்ரான் போய்விடும், அது திரும்ப வளராது. வருடா வருடம் தீபாவளிக்கு ஒரு பாலிஷ் என்று போனால், சில ஆண்டுகளில் கூரையில் வெள்ளைத் திட்டுத் திட்டாக உரியத் தொடங்கும். அதற்குப் பிறகு பெயின்ட் அடிப்பதைத் தவிர வழி கிடையாது. முதலில் கழுவும் முறையை மாற்றுங்கள், ஓராண்டு போகட்டும். அப்போதும் கண்ணை உறுத்தினால் ஒரே ஒரு முறை போடலாம். போவதற்கு முன், பெயின்டின் கனம் அளக்கும் கருவி கடையில் இருக்கிறதா என்று கேளுங்கள். கைப்பேசி அளவில் ஒரு சிறு பெட்டி. தகட்டின்மேல் வைத்தால் மைக்ரான் கணக்குச் சொல்லும். கூரை, பானெட், கதவு என்று இடம் இடமாக வைத்து அளந்து, எண்களைக் குறித்துக்கொண்ட பிறகு மெஷினைக் கையில் எடுக்கிற ஆளிடம் சாவியைக் கொடுங்கள்.